80-இல் போகும்போது உலுக்கும் 2002 எஃப்-150: கியர்பெட்டியா, மிஸ்ஸிங்கா?

ஸ்காபரோ தச்சன்

வணக்கம். கனகாலமாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

என்னுடையது 2002 ஃபோர்ட் எஃப்-150, 5.4 லீட்டர் வி8. 312,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. கிச்சன் கபினெட் வேலைக்குப் பாவிக்கிறேன், பின்னால் பெரும்பாலும் 300, 400 கிலோ பாரம் இருக்கும்.

பிரச்சினை இதுதான். 70க்கும் 90க்கும் இடையில், ஓவர்டிரைவில் (கடைசிக் கியரில்), சின்ன ஏற்றம் ஒன்றில் காலை மெல்ல வைத்தபடி போனால் வண்டி முழுக்க உலுக்குகிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் நித்திரை தூங்குபவர்களை எழுப்ப வெட்டி வைத்திருக்கும் கோடுகளுக்கு மேலே ஏறியதுபோல இருக்கும். காலை எடுத்தால் நின்றுவிடும். காலை நன்றாக அமத்திக் கியர் இறங்கினாலும் நின்றுவிடும். ஐடிலில் வண்டி பட்டு மாதிரி நிற்கிறது. மழை நாட்களில் மோசம். எஞ்சின் விளக்கு மூன்று நான்கு தடவை மின்னிவிட்டு அணைந்துவிடும். கோட் பி0304, அதாவது நாலாவது சிலிண்டர் எரியாமல் தவறுகிறது (மிஸ்ஃபயர்).

முதல் கராஜில் நாலாவது சிலிண்டர் கொயிலை (பிளக்குக்கு மின்சாரம் கொடுப்பது) மாற்றினார்கள். நாலு மாதம் சரி. பிறகு அதே கதை, அதே கொயிலைத் திரும்பவும் மாற்றினார்கள். இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. இப்போது வேறு ஓரிடத்தில் காட்டினால், ஓடிப் பார்த்துவிட்டு "இது டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சினையும் கியர்பெட்டியையும் இணைப்பது), 2,400 டொலர் வரும்" என்கிறார்கள். அந்தக் காசுக்கு இந்த வண்டியே வராது. என்ன செய்யலாம்?

வினிபெக் விவசாயி

22 வயது வண்டி. விற்றுவிட்டு ஒரு டொயோட்டா எடுங்கள். மற்றதெல்லாம் கடலில் பெருங்காயம் கரைப்பது.

கல்கரி டீசல்

தம்பி, 2,400 டொலரை எடுத்து உள்ளே வையுங்கள்.

இந்த 5.4 எஞ்சினில் மிஸ்ஃபயரையும் டார்க் கன்வெர்ட்டர் நடுக்கத்தையும் பலர் மாற்றிப் புரிந்துகொள்வார்கள். இருக்கையில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரித்தான். ஏன் என்று சொல்கிறேன். ஓவர்டிரைவில் 70, 80 வந்ததும் டார்க் கன்வெர்ட்டர் லொக் ஆகிவிடும். அதுவரை எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவில் எண்ணெய்தான் இருந்தது. எஞ்சின் ஒரு அடி தவறினாலும் எண்ணெய் அதை விழுங்கிக்கொள்ளும். லொக் ஆனபிறகு இரும்போடு இரும்பு. ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால் அது நேரே ஷாஃப்ட் வழியாக உங்கள் முதுகுக்கு வரும். ஓட்டிப் பார்த்தவர் "லொக் ஆனதும் நடுங்குகிறது, ஆகவே லொக்கில்தான் பிழை" என்று முடிவு கட்டியிருப்பார்.

சிலர் பிரேக் சோதனை சொல்வார்கள்: நடுங்கும்போது இடது காலால் பிரேக்கை, விளக்கு எரியும் அளவுக்கு மட்டும், தொட்டால் கன்வெர்ட்டர் லொக் விடும், நடுக்கம் நின்றால் கன்வெர்ட்டர்தான் பிழை என்று. நான் அதை நம்புவதில்லை. லொக் விட்டதும் எஞ்சினின் சுற்று கூடி, சுமை குறையும். மிஸ்ஃபயரும் அதோடு அடங்கும்.

ஐடிலில் நன்றாக நிற்பது உங்களைக் குழப்ப வேண்டாம். ஐடிலில் சிலிண்டருக்குள் காற்று கொஞ்சம்தான், அதனால் அழுத்தமும் குறைவு, பிளக்கில் பொறி சுலபமாகத் தாவிவிடும். ஏற்றத்தில் காலை வைக்கும்போது உள்ளே காற்று கூடுகிறது, அழுத்தம் கூடுகிறது, அதே இடைவெளியைத் தாவ இன்னும் கூடுதல் வோல்ட் வேண்டும். கொயிலுக்குக் கீழே உள்ள ரப்பர் பூட்டில் மயிரளவு வெடிப்பு இருந்தாலும், கொஞ்சம் ஈரம் இருந்தாலும், மின்சாரம் கஷ்டப்பட்டு இடைவெளியைத் தாவாது. பூட்டைத் துளைத்துப் பக்கத்து உலோகத்துக்குப் போய்விடும். அது போதாதென்று மெல்லிய காலில் போகும்போது ஈ.ஜி.ஆர் வழியாக எரிந்த புகையும் உள்ளே கலக்கும், அந்தக் கலவை பற்றிக்கொள்வதே கஷ்டம். காலை அமத்தினால் ஈ.ஜி.ஆர் மூடும், பெட்ரோல் கூடும், சுலபமாகப் பற்றும். நீங்கள் எழுதிய அறிகுறி அப்படியே இதுதான்.

மதுரைக்காரன், ஹூஸ்டன்

கல்கரி அண்ணன் சொன்னது சரி. ஆனால் அறிகுறியை வைத்து வாதாட வேண்டாம், வண்டியையே கேட்டுவிடலாம்.

எஞ்சின் கம்ப்யூட்டர் எந்தச் சிலிண்டர் எத்தனை தடவை தவறியது என்று தனக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கும். ஒவ்வொரு சிலிண்டர் எரியும்போதும் கிராங்க் ஷாஃப்ட் ஒரு தள்ளு வாங்குகிறது. அந்தத் தள்ளு வராத இடத்தைக் கிராங்க் சென்சார் வழியாகக் கவனித்துக் குறித்துக்கொள்ளும். குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் கோட் வரும். தாண்டாத எண்ணிக்கையையும் பார்க்கலாம். மோட் 6 (கம்ப்யூட்டரின் உள் சோதனை எண்கள்) காட்டும் ஏதாவது ஒரு ஃபோன் செயலியில் சோதனை எண் 53-ஐத் திறங்கள். அதற்குள் 1 முதல் 8 வரை எட்டு வரிசை இருக்கும், எட்டும் எட்டுச் சிலிண்டர். எண் பெரிதாக இருக்கும் இடத்தில் ஆள் இருக்கிறார்.

அப்புறம் ஒன்று. இந்தக் காலத்து ஃபோர்ட் வண்டிகள் பேசுவது ஜே1850 பி.டபிள்யூ.எம் என்ற பழைய பாஷை. வண்டியையும் ஃபோனையும் இணைக்க, பத்து டாலருக்குக் கிடைக்கும் நீல நிற புளூடூத் அடாப்டரில் பாதி அந்தப் பாஷையே தெரியாதவை. "இணைக்க முடியவில்லை" என்று வந்தால் வண்டியைத் திட்டாதீர்கள், அடாப்டரை மாற்றுங்கள். நான் மூன்று வாங்கி இரண்டைக் குப்பையில் போட்டேன்.

எரிபொருள் திருத்தத்தையும் (கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற எண்) குறித்து வாருங்கள், எஞ்சினின் இரண்டு பக்கமும், ஐடிலிலும் 2,500 சுற்றிலும்.

ஸ்காபரோ தச்சன்

நன்றி அண்ணைமார். அடாப்டர் இரண்டாவதுதான் வேலை செய்தது, மதுரைக்காரர் சொன்னது போலவே.

401 நெடுஞ்சாலையில் மில்டன் தாண்டி ஏற்றத்தில் போய் வந்தேன். நன்றாக உலுக்கியது. வீட்டுக்கு வந்து பார்த்த எண்கள்: நாலாவது சிலிண்டர் 2,900. மூன்றாவது 140. மற்ற ஆறும் பூச்சியம்.

நீண்டகாலத் திருத்தம், முதல் பக்கம் +9, இரண்டாம் பக்கம் +3. ஐடிலிலும் 2,500-லும் பெரிய வித்தியாசம் இல்லை.

மதுரைக்காரன், ஹூஸ்டன்

அருமை. கியர்பெட்டிக் கேஸ் இத்துடன் தள்ளுபடி. கன்வெர்ட்டர் நடுக்கத்துக்கு நாலாவது சிலிண்டரைத் தெரியாது. அதன் கோளாறாக இருந்தால் எண்கள் இப்படி ஒரே இடத்தில் குவியாது.

+9-ஐப் பார்த்து பயப்பட வேண்டாம். எரியாத சிலிண்டர் தன் ஆக்சிஜனை அப்படியே வெளியே தள்ளுகிறது. ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்து "பெட்ரோல் போதவில்லை" என்று தப்பாக எழுதிக்கொள்கிறது. நாலாவது சிலிண்டர் முதல் பக்கத்தில் இருப்பதால் அந்தப் பக்கம் மட்டும் ஏறியிருக்கிறது. வேக்கம் லீக் (எங்கோ ஓட்டை வழியாகக் காற்று எஞ்சினுக்குள் புகுவது) என்றால் ஐடிலில் எகிறி, 2,500-இல் இறங்கும். அதுவும் இரண்டு பக்கமும். த்ராட்டில் பாடிக்குப் பின்னால் இருக்கும் பி.சி.வி (எஞ்சினுக்குள் சேரும் புகையைத் திரும்ப உறிஞ்சும் வழி) முழங்கை ரப்பர் இந்த வண்டிகளில் உளுத்துப்போகும், அதன் அடையாளம் அதுதான். பெட்ரோல் பம்ப் சோர்ந்திருந்தால் சுமை ஏற ஏறத் திருத்தமும் ஏறும். இரண்டும் உங்களுக்கு இல்லை.

நாலாவது காயிலையும் ஒன்றாவது காயிலையும் இடம் மாற்றுங்கள். கோளாறு காயிலோடு போனால் காயில். நாலிலேயே நின்றால் பிளக், இஞ்செக்டர், கம்ப்ரஷன் என்று இறங்கலாம்.

தெரியாதவர்களுக்கு: ஃபோர்டில் பயணி பக்கம் முன்னிருந்து பின்னாக 1, 2, 3, 4. ஓட்டுநர் பக்கம் 5, 6, 7, 8. நாலாவது என்றால் பயணி பக்கம் கடைசி, தீச்சுவரை (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தடுப்பை) ஒட்டி.

வினிபெக் விவசாயி

கொயில் இரண்டு தடவை மாற்றியாயிற்று என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறாரே. மூன்றாவது தடவையும் கொயிலா?

கல்கரி டீசல்

நல்ல கேள்வி. விற்கச் சொன்னதை மறந்துவிட்டேன், இதற்காக.

ஸ்காபரோ தச்சன்

மூன்று நாளாக எழுதவில்லை, மன்னிக்கவும். தலை சுற்றுகிறது.

ஞாயிறு வெயிலில் கொயில்களை மாற்றினேன். 7 மில்லிமீட்டர் சாக்கெட், ஒரு கொயிலுக்கு ஒரு போல்ட். ஒன்றாவது ஐந்து நிமிடம். நாலாவது ஒன்றேகால் மணித்தியாலம். கை போக இடமில்லை, ஃபியூவல் ரெயில் மேலே கிடக்கிறது, போல்ட் ஒரு தடவை விழுந்து எங்கேயோ போய், காந்தக் கம்பியால் தேடி எடுத்தேன். மனைவி வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

திங்கள், செவ்வாய்: நடுக்கமே இல்லை. எட்டும் பூச்சியம். பழைய கொயில் ஒன்றாவதிலும் நன்றாக வேலை செய்கிறது. சரி, கனெக்டர் சரியாகப் பூட்டாமல் இருந்திருக்கும் என்று நினைத்தேன். புதன் காலையில் மழை, 4 பாகை குளிர். டான் வேலி பார்க்வே நெடுஞ்சாலையில் ஏறும்போது திரும்பவும் உலுக்கல். பார்த்தால் நாலாவது! இப்போது அங்கே இருப்பது ஒன்றாவதின் நல்ல கொயில்.

கோளாறு கொயிலோடும் போகவில்லை, சிலிண்டரோடும் நிற்கவில்லை, இரண்டு நாள் விடுமுறை எடுத்துவிட்டு வந்திருக்கிறது.

மதுரைக்காரன், ஹூஸ்டன்

விட்டுவிட்டு வருவதென்றால் இஞ்செக்டர் கனெக்டர் ஒயரைப் பார்க்க வேண்டும். எலி கடித்ததா என்றும். கூலன்ட் அளவு குறைகிறதா? ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைக்கும் உடலுக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) லேசாக விட ஆரம்பித்தாலும் ராத்திரி முழுக்கச் சிலிண்டருக்குள் சொட்டி, காலையில் மிஸ் ஆகும்.

ஸ்காபரோ தச்சன்

கூலன்ட் குறைகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அரை லீட்டர் அளவில் விடுகிறேன். தரையில் சொட்டு எதுவும் இல்லை. ஹெட் கேஸ்கெட் என்றால் வினிபெக் அண்ணை சொன்னது போல விற்க வேண்டியதுதான்.

பட்டறைக்காரர், கோவை

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் இப்போது கோவையில் டீசல் வண்டிகள்தான் பார்க்கிறேன். அதற்கு முன் குவைத்தில் ஒன்பது வருடம் அமெரிக்க வண்டிப் பட்டறையில் இருந்தேன், இந்த 5.4 நிறைய கழற்றியிருக்கிறேன்.

சார், காயிலை வெளியே எடுத்தீர்களே, அது இருந்த குழிக்குள் எட்டிப் பார்த்தீர்களா?

மிஸ்ஸிங் இரண்டு நாள் நின்றதற்குக் காரணம், நீங்கள் அந்தக் காயிலை ஒன்றேகால் மணி நேரம் வெளியே வைத்திருந்ததுதான் என்று நினைக்கிறேன். வெயிலில் குழி காய்ந்திருக்கும், பூட்டும் காய்ந்திருக்கும். மறுபடி ஈரம் சேர இரண்டு நாள் ஆகியிருக்கிறது. முதல் பட்டறையில் காயில் மாற்றியபோதும் இதே கதைதான்: ஈரத்தைத் துடைத்துவிட்டுப் புதுசைப் போட்டார்கள், நாலு மாதம் ஓடியது. அடுத்தது இரண்டு மாதம். வரவர ஒழுக்கு பெரிதாகிறது.

இந்த எஞ்சினில் ஹீட்டருக்குப் போகும் ஹோஸ் தீச்சுவர்ப் பக்கம் நாலாவது சிலிண்டருக்கு மேலேயே வளைகிறது. அந்த முழங்கை, இல்லையென்றால் கிளாம்ப், கசிந்தால் சொட்டு வேறெங்கும் போகாது. நேராகக் குழிதான். அதனால்தான் தரையில் உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவதில் 140 என்று வந்ததே, அது பக்கத்து வீட்டில் தெறித்த தண்ணீர்.

செய்ய வேண்டியது: எஞ்சின் முழுக்க ஆறியதும், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால், நாலாவது காயிலைத் தூக்குங்கள். நீளக் குச்சியில் வெள்ளைத் துணியோ டிஷ்யூவோ சுற்றிக் குழிக்குள் விட்டு எடுங்கள். மழைத் தண்ணீர் என்றால் அழுக்காக இருக்கும், நிறம் இருக்காது. கூலன்ட் என்றால் நிறத்தைப் பார்த்தாலே தெரியும், தொட்டால் பிசுபிசுக்கும். நக்கிப் பார்க்காதீர்கள், விஷம். குவைத்தில் ஒரு பெரியவர் அப்படித்தான் பார்ப்பார்.

ஸ்காபரோ தச்சன்

அண்ணை, பச்சை!

இன்று காலை ஆறு மணிக்கு, தலையில் டோர்ச் கட்டிக்கொண்டு. கொயிலை இழுத்ததும் பூட்டின் நுனியில் இருந்து ஒரு துளி ஒழுகியது. உள்ளே இருந்த ஸ்பிரிங் பச்சையும் துருவுமாக இருக்கிறது. டிஷ்யூ பாதி உயரம் வரை பச்சையாக நனைந்து வந்தது. ஆனால் மேலே ஹோஸைத் தடவிப் பார்த்தேன், பெரிதாக ஈரம் தெரியவில்லை. வெள்ளை நிறமாக உப்புப் படிந்ததுபோல ஒரு கோடு மட்டும் கிளாம்புக்குக் கீழே இருக்கிறது.

பட்டறைக்காரர், கோவை

அந்த வெள்ளைக் கோடுதான். கூலன்ட் காய்ந்தால் அப்படித்தான் படியும்.

சூடாக இருக்கும்போது ஹோஸும் குழாயும் விரிந்து கிளாம்ப் இறுகிக்கொள்ளும், ஒழுகாது. ஆறும்போது எல்லாம் சுருங்கும், அப்போது ரெண்டு சொட்டு. பட்டறையில் வண்டி வரும்போது எஞ்சின் சூடு; எவன் பார்த்தாலும் கண்ணில் படாது. மழையில் மோசம் என்றீர்கள். மழையைவிட, மழை நாளில் உங்கள் ஊரில் குளிர் என்பதுதான் விஷயமாக இருக்கும்.

உறுதிசெய்ய பிரஷர் டெஸ்டர் இரவல் வாங்குங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் டப்பாவில் மாட்டிக் கையால் பம்ப் அடியுங்கள். மூடியில் என்ன அழுத்தம் எழுதியிருக்கிறதோ அதற்கு மேல் ஏற்ற வேண்டாம். சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கவே கூடாது, முகம் வெந்துவிடும்.

மதுரைக்காரன், ஹூஸ்டன்

ஹெட் கேஸ்கெட் சந்தேகத்தை நான்தான் கிளப்பினேன், நானே அடைத்துவிடுகிறேன். பிளக்கைக் கழற்றியதும் நுனியைப் பாருங்கள். சிலிண்டருக்குள் கூலன்ட் போயிருந்தால் நீராவியில் கழுவியதுபோல அந்தப் பிளக் மட்டும் பளிச்சென்று இருக்கும். மற்றவை மாதிரியே மங்கிய பழுப்பு என்றால் தண்ணீர் வெளியில்தான் இருந்தது.

கல்கரி டீசல்

பிளக் கழற்ற முதல் சில விசயம், தம்பி. இதை அவசரப்பட்டுச் செய்தால் 30 டொலர் வேலை 3,000 ஆகும்.

எஞ்சின் குளிராக இருக்க வேண்டும். ஹெட் அலுமினியம், சூட்டில் கழற்றினால் மரை பிடுங்கிக்கொண்டு வரும். குழிக்குள் முதலில் காற்றடித்துச் சுத்தமாக்குங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு. இல்லாவிட்டால் கழற்றும்போது அந்த மணலும் துருவும் கூலன்ட்டும் நேரே சிலிண்டருக்குள் இறங்கும்.

இந்த இரண்டு வால்வ் ஹெட்டில் பிளக்கைப் பிடித்திருப்பது நாலு சுற்று மரைதான். புதுப் பிளக்கைக் கையாலேயே, ஒரு ரப்பர் குழாய்த் துண்டில் செருகிச் சுற்றி ஏற்றுங்கள். கோணலாக ஏறினால் குழாய் வழுக்கும், மரை தப்பும். சாக்கெட்டால் ஆரம்பித்தால் பிழை கையில் தெரியாது. பழைய புத்தகத்தில் இறுக்கும் அளவு 7 முதல் 15 அடி-பவுண்டு என்று இருக்கும். அது போதாது, பிளக் தளர்ந்து மரையையும் பெயர்த்துக்கொண்டு வெளியே பறக்கும் என்று 28 வரை இறுக்குபவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி. இடைவெளி 1.3 முதல் 1.4 மில்லிமீட்டர், பெட்டியில் சரியாக இருக்கிறது என்று நம்பாமல் அளந்து பாருங்கள்.

பட்டறைக்காரர், கோவை

28 அதிகம் என்பது என் கட்சி. மரை பழசு, எண்ணெய்ப் பசை இருந்தால் இன்னும் அதிகமாக இறுகிவிடும். நான் 15-ஐத் தாண்டியதில்லை, ஒன்றும் பறக்கவில்லை.

கல்கரி டீசல்

குவைத்தில் பிளக்குக்கும் வெயில், பறக்கச் சோம்பல். இங்கே மைனஸ் 30.

மதுரைக்காரன், ஹூஸ்டன்

இந்தச் சண்டைக்குத் தனியாக ஒரு இழை இருக்கிறது, நாற்பது பக்கம். இங்கே வேண்டாம்.

ஸ்காபரோ தச்சன்

சனிக்கிழமை முழு நாளும் இதிலேயே போனது.

டெஸ்டரை முற்பணம் கட்டி உதிரிப்பாகக் கடையில் இரவல் எடுத்தேன். பம்ப் அடித்து இருபது நிமிடம் அப்படியே விட்டேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு கிளாம்புக்கு அடியில் ஊசி முனையளவு ஒரு மணி திரண்டது. கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்து, ஹோஸின் வயிற்றுப் பக்கமாக உருண்டு, ஒரு கணம் நின்று, நாலாவது கொயிலின் தலையில் விழுந்தது. நான் என் மகனைக் கூப்பிட்டு அடுத்த சொட்டைக் காட்டினேன். அவன் ஃபோனில் எடுத்தான். எட்டு மாதமும் 700 டொலரும் எங்கே போனது என்று அந்தச் சொட்டில் தெரிந்தது.

பிளக் கழன்று வந்தது, மரைக்கு ஒன்றுமில்லை. கையில் வைத்து வடிவாகப் பார்த்தேன். நுனி மற்றதுகளைப் போலவே பழுப்பு, ஆகவே கேஸ்கெட் பிழைத்தது. ஆனால் மேலே வெள்ளைப் பீங்கானில், பென்சிலால் கோடு கிழித்ததுபோல மெல்லிய கறுப்பு வரி ஒன்று தலையில் இருந்து கீழே இரும்பு வரை ஓடுகிறது. நகத்தால் சுரண்டினேன், போகவில்லை. பூட்டை உள்பக்கம் மடித்துப் பார்த்தால் அதற்கு நேரே அதே வரி, ரப்பரில்.

பட்டறைக்காரர், கோவை

அதுதான் தீப்பொறி போன பாதை. ஒரு தடவை அந்தக் கரி வரி விழுந்துவிட்டால் ஈரம் காய்ந்தாலும் போகாது; அடுத்த பொறிக்கும் அதே குறுக்குவழிதான். ஆகவே பூட், ஸ்பிரிங், பிளக் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய பிளக்கில் புது பூட் போட்டால் அந்த வரியே புது பூட்டையும் கெடுத்துவிடும். முதல் பட்டறையில் பிளக்கைத் தொட்டார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

காயிலை மாற்ற வேண்டாம். ஒன்றாவதில் ஓடிக் காட்டிவிட்டதே. மூன்றாவது குழியையும் ஒரு தடவை பாருங்கள்.

மதுரைக்காரன், ஹூஸ்டன்

பூட்டின் வாயில் உள்பக்கம் டையெலக்ட்ரிக் கிரீஸ் மெல்லிசாகத் தடவுங்கள், விரல் நுனியளவு. அது மின்சாரம் கடத்தாது, ஈரத்தைத் தடுப்பதற்கு மட்டும். சிலர் பற்பசை மாதிரி பிதுக்கி நிரப்புகிறார்கள்.

இன்னொன்று: விளக்கு மின்னும்போது இனிமேல் காலை எடுங்கள். சும்மா எரிவது வேறு, மின்னுவது வேறு. மின்னினால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது என்று அர்த்தம். எட்டு மாதம் ஓட்டியிருக்கிறீர்கள், அது தப்பியிருந்தால் அதிர்ஷ்டம்.

ஸ்காபரோ தச்சன்

ஹீட்டர் ஹோஸ் 41 டொலர். பழைய திருகு கிளாம்புக்குப் பதிலாக, தானே இறுகும் ஸ்பிரிங் கிளாம்ப் இரண்டு. 3, 4 இரண்டுக்கும் பூட், ஸ்பிரிங், பிளக். மூன்றாவது குழியிலும் சுவரோரம் ஒரு பச்சைக் கறை இருந்தது. கூலன்ட், கிரீஸ் எல்லாம் சேர்த்து 118 டொலர். இறுக்கியது 20 அடி-பவுண்டு. இரண்டு கட்சிக்கும் நடுவில் நின்றுகொண்டேன்.

மற்ற ஆறு பிளக்கும் பழசுதான், ஆனால் குழிகள் காய்ந்திருந்தன. வசந்தத்தில் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

ஸ்காபரோ தச்சன்

மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன். இடையில் இரண்டு நாள் நல்ல மழை, ஒரு நாள் உறைபனி. 350 கிலோ ஒட்டுப்பலகையோடு மில்டன் ஏற்றம் ஏறினேன், 85-இல், ஓவர்டிரைவில், வேண்டுமென்றே மெல்லிய காலோடு. ஒன்றுமில்லை. மோட் 6-இல் எட்டும் பூச்சியம், முதல் பக்கத் திருத்தம் +9-இல் இருந்து +3க்கு இறங்கிவிட்டது. கூலன்ட் டப்பாவில் மார்க்கரால் போட்ட கோட்டிலேயே நிற்கிறது.

கேட்டலிட்டிக் தப்பியதா என்று எனக்குத் தெரியாது. விளக்கு வரவில்லை, இழுவை குறையவில்லை. ஒன்ராறியோவில் 2019-இல் டிரைவ் கிளீன் புகைச் சோதனைத் திட்டத்தை நிறுத்தியபிறகு என்னுடையது போன்ற வண்டியின் புகையை யாரும் சோதிப்பதுமில்லை.

வினிபெக் விவசாயி

எவ்வளவுக்குத் தருவீர்கள்?

ஸ்காபரோ தச்சன்

தரமாட்டேன்.

சர்ரே மீனவன்

இந்த இழை முழுக்க வாசித்தேன், மிக்க நன்றி. என்னுடையது 2005 எஃப்-150, அதே 5.4. எனக்கும் ஏற்றத்தில் இதே நடுக்கம், கோட் பி0303. நாளை லீவு. இதே முறையில் மூன்றாவது பிளக்கைக் கழற்றப் போகிறேன். 20 அடி-பவுண்டு போதும்தானே?

கல்கரி டீசல்

நில்லுங்கள்! உங்களுடையது அதே 5.4 இல்லை. 2004-இல் வந்த புது உடல் எஃப்-150-இல் சிலிண்டருக்கு மூன்று வால்வ். ஹெட் வேறு, பிளக்கும் வேறு. இரண்டு துண்டை ஒன்றாகப் பொருத்திச் செய்த நீளப் பிளக் அது. நுனியில் உள்ள உறை கரியில் ஒட்டிக்கொள்ளும், மேல்பாதி மட்டும் கையோடு வரும், கீழ்ப்பாதி ஹெட்டுக்குள் நின்றுவிடும். அதைக் கழற்றும் முறைக்கென்றே ஃபோர்ட் 08-7-6 என்ற எண்ணில் ஒரு சேவைக் குறிப்பு வெளியிட்டது. கால் சுற்றுக்கு மேல் போகாமல் தளர்த்தி, கார்புரேட்டர் கிளீனர் விட்டு ஊறவைத்து, முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும்.

முதலில் கொயிலைத் தூக்கிக் குழியைப் பாருங்கள், மோட் 6 எண்களை எடுங்கள், புதிய இழை ஒன்று தொடங்குங்கள். அதுவரை பிளக்கில் ரெஞ்ச் வைக்காதீர்கள்.